கறுப்புக் காரில் சிலந்தி வலை! குற்றவாளி யார்?

கறுப்புக் காருக்கு ஒரு தனி அழகு உண்டு. புதிதாக வந்து நிற்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். எதிரே நின்று தலை வாரிக்கொள்ளலாம்!

ஆறு மாதம் போகட்டும். ஒரு நாள் உச்சி வெயிலில் அதே காரைப் பாருங்கள். பானெட் மேல் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்கள். சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள்.

கார்க்காரருக்கு வயிறு எரிகிறது. கடன் வாங்கி, மாதத் தவணை கட்டி வாங்கிய கார் அல்லவா? உடனே யாரைக் கூப்பிடுகிறார்? தினமும் காலையில் வந்து கார் துடைக்கிறாரே, அவரை!

"வட்ட வட்டமாத் தேய்ச்சு வச்சிருக்கியே! நாளையிலிருந்து நீ வரவேண்டாம்."

"மெதுவாத்தான் சார் துடைச்சேன்" என்கிறார் அவர். யார் கேட்கிறார்கள்?

அடுக்குமாடி வீடுகள் உள்ள ஊர்களில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. ஒரு மனிதரின் மாத வருமானத்தில் ஒரு பகுதி இப்படித்தான் போய்விடுகிறது.

அவர் மேல் குற்றம் இல்லை என்பது நம் கட்சி. குற்றம் அவர் கையில் உள்ள துணியிலும் வாளியிலும் இருக்கிறது. அந்தத் துணியையும் வாளியையும் பற்றிக் கவலைப்படாத நம்மிடமும் இருக்கிறது.

இதை வெறும் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவர்சில்வர் தட்டு சொல்லும் உண்மை

உங்கள் வீட்டில் நாலைந்து வருடம் புழங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்று இருக்கும். அதை எடுத்து விளக்கின் கீழே பிடியுங்கள்.

விளக்கு தெரிகிற இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரிகின்றன அல்லவா? இப்போது தட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வட்டங்களும் கூடவே நகர்கின்றன!

கீறல் நகருமா? நகராது. அப்படியானால் அந்த வட்டம் உண்மையான வட்டம் அல்ல.

தட்டின் மேல் ஆயிரக்கணக்கான கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சம் வருகிற பாதைக்குக் குறுக்கே கிடக்கிற கீறல் மட்டும் மின்னும். மற்றவை மின்னாமல் ஒளிந்துகொள்ளும். விளக்கைச் சுற்றிலும் இப்படி மின்னுகிற கீறல்களை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, அவை வட்டமாகத் தெரிகின்றன.

காரிலும் இதே கதைதான். செல்போன் விளக்கைப் பானெட் மேல் அடித்து, அப்படியே நடந்து பாருங்கள். வட்டங்கள் உங்கள் கூடவே நடந்து வரும்.

ஆகவே, "வட்டமாகத் தேய்த்ததால் வட்டம் விழுந்தது" என்கிற குற்றச்சாட்டு நிற்காது. வட்டத்தைப் பார்த்து, தேய்த்த கை எப்படிப் போயிற்று என்று சொல்லவே முடியாது. முதல் சாட்சி பொய்ச் சாட்சி!

வெள்ளைக் கார் தப்புவது ஏன்?

பக்கத்தில் நிற்கிற வெள்ளைக் காரையும் அதே ஆள்தான் துடைக்கிறார். அதே துணி. அதே தண்ணீர். அதில் மட்டும் கீறல் இல்லையே, ஏன்?

அதிலும் கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கீறலின் விளிம்பில் பட்ட வெளிச்சம் சிதறி வெள்ளையாக மின்னுகிறது. வெள்ளைக்கு மேல் வெள்ளை தெரியுமா? கரும்பலகையில் சாக்பீஸ் கோடு பளிச்சென்று தெரியும். வெள்ளைச் சுவரில் அதே கோடு தெரியாது. கறுப்பு, கருநீலம், கருஞ்சிவப்பு ஆகிய நிறங்கள் எல்லாம் கரும்பலகை மாதிரி.

கறுப்புக் காரின் மேல் மனிதனுக்கு ஆசை இன்று வந்ததல்ல. அமெரிக்காவில் ஹென்றி போர்டு செய்த பெயர் பெற்ற 'மாடல் டி' கார், 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்பனைக்கு வந்தது. ஆனால் அன்றைய கறுப்பு வேறு, இன்றைய கறுப்பு வேறு.

தலைமுடியைவிட மெல்லிய பூச்சு

இன்றைய கார் நாலு சட்டை போட்டிருக்கிறது.

இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. அதற்கு மேல் பிரைமர். அதற்கு மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு. இதற்குக் 'கிளியர் கோட்' என்று பெயர். பளபளப்பு தருவது இந்தக் கடைசிப் பூச்சுதான். வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் இதுதான். கார்களில் இது பரவலாக வந்தது 1980-களில்.

இதன் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் 35 முதல் 50 மைக்ரான்.

மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அப்படியானால் இந்தப் பூச்சு தலைமுடியைவிட மெல்லியது! 50 மைக்ரான் என்று வைத்துக்கொண்டாலும், 20 பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும்.

அம்பாசடர் கார் நினைவிருக்கிறதா? அதன் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. பழைய அம்பாசடரை பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். அதில் நிறமும் பளபளப்பும் ஒரே பெயிண்டில் இருந்தன. அதனால் எவ்வளவு தேய்ந்தது என்று துணியே சொல்லிவிடும்.

இன்றைய காரில் அந்த எச்சரிக்கை கிடையாது. தேய்கிற பூச்சுக்கு நிறம் இல்லை. துணியில் ஒன்றும் தெரியாது. தெரியாமலே தேய்ந்துகொண்டிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

உண்மைக் குற்றவாளி

இவ்வளவு மெல்லிய பூச்சைக் கீறுவது எது? துணியா? துணி மிருதுவானது. தண்ணீரா? தண்ணீர் எப்படிக் கீறும்?

கீறுவது மணல்!

ரோட்டில் பறக்கிற தூசியில் பெரும் பகுதி மணல் பொடி. மணலில் உள்ளது குவார்ட்ஸ் என்னும் கல். எந்தக் கல் எதைக் கீறும் என்று 1812-ம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மன் அறிஞர் ஓர் அளவு முறை வகுத்தார். அதில் வைரத்துக்கு 10. நம் நகத்துக்குச் சுமார் இரண்டரை. கத்தியின் இரும்புக்குச் சுமார் ஐந்தரை. குவார்ட்ஸுக்கு 7.

அதாவது, கத்தி இரும்பையே கீறக்கூடியது மணல். காரின் மேல் பூச்சு அதற்கு எம்மாத்திரம்?

இனி காலை ஆறு மணிக்கு நடப்பதைப் பாருங்கள். காரின் மேல் ராத்திரி படிந்த தூசி. துடைப்பவர் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வருகிறார். மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கிறார். தூசி துணியில் ஏறுகிறது. துணியை அதே வாளியில் முக்குகிறார். மணல் வாளிக்குப் போகிறது. மறுபடி துணியை எடுக்கும்போது, அந்த மணல் துணியோடு திரும்பி வருகிறது!

முதல் கார் முடிந்து இரண்டாவது கார். பிறகு மூன்றாவது. பத்தாவது கார் உங்களுடையது என்றால், ஒன்பது கார்களின் மணலை உங்கள் கார் மேல் தேய்க்கிறார்கள் என்று அர்த்தம்.

மணலைத் துணியில் வைத்துத் தேய்த்தால் அதற்கு என்ன பெயர்? தச்சரைக் கேளுங்கள். உப்புத்தாள் என்பார்!

குற்றவாளி வாளிக்குள் இருக்கிறான். நாம் வாளியைத் தூக்கி வந்தவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடுகிறோம்.

"கவனமாகச் செய்யக்கூடாதா?"

"அவர் கொஞ்சம் கவனமாகச் செய்தால் என்ன? தண்ணீரை அடிக்கடி மாற்றினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 20 கார் துடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காருக்குப் பத்தே நிமிடம் என்றாலும் 200 நிமிடம். அதாவது 3 மணி 20 நிமிடம். காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பித்தால், முடிகிறபோது ஒன்பது மணி ஆகப்போகும். ஆனால் எட்டு மணிக்கே பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று கார்கள் கிளம்பிவிடும். துடைக்காத கார் வெளியே போனால் அதற்கும் அவருக்குத்தான் திட்டு.

ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுக்கிறோம். அதில் துணியும் அவரே வாங்க வேண்டும் என்றால், எந்தத் துணி வாங்குவார்? கிழிந்த பனியன், பழைய வேட்டி, மெக்கானிக் கடைப் பனியன் வேஸ்ட்!

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். பல அடுக்குமாடி வீடுகளில் கார் கழுவ ஹோஸ் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அதையும் தப்பு என்று சொல்ல மாட்டோம். 2019-ம் ஆண்டு கோடையை மறக்க முடியுமா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. சென்னை முழுவதும் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தது. நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிற ஹோஸைப் பத்து நிமிடம் பிடித்தால் 100 லிட்டர் போய்விடும். குடிக்கத் தண்ணீர் தேடுகிற ஊரில் காருக்கு அவ்வளவு ஊற்ற மனம் வருமா?

ஆக, நேரம் கொடுக்கவில்லை. துணி கொடுக்கவில்லை. தண்ணீரும் ஒரு வாளிதான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்கிறோம். யார் வந்தாலும் அதே கீறல்தான் விழும். ஆளை மாற்றிப் பயன் இல்லை. முறையை மாற்ற வேண்டும்.

கீறல் போகுமா?

"நடந்தது நடந்துவிட்டது. விழுந்த கீறலை எடுக்க முடியுமா?" என்றால், முடியும். ஆனால் எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். இல்லாவிட்டால் பணமும் போகும், பூச்சும் போகும்.

மரப்பலகையில் ஒரு சிறு பள்ளம் இருந்தால் தச்சர் என்ன செய்கிறார்? இழைப்புளி போட்டுச் சுற்றியுள்ள மரத்தை இழைக்கிறார். பள்ளத்தின் அடிமட்டத்துக்குப் பலகை இறங்கியதும் பள்ளம் மறைந்துவிடுகிறது. பள்ளத்தை அவர் நிரப்பவில்லை. பலகையை மெலியவைத்தார்.

ரப்பிங் பாலிஷும் அப்படித்தான். பாலிஷ் பசையில் மிக நைசான அரைக்கும் பொடி இருக்கிறது. பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. அது பூச்சை மெல்ல அரைத்து, கீறலின் அடிவரை இறக்குகிறது.

முறையாகச் செய்கிறவர் இப்படிச் செய்வார்:

முதலில் காரை நன்றாகக் கழுவுவார். பிறகு, ஒட்டிக்கொண்ட தாரையும் இரும்புத் துகளையும் எடுப்பார். இதற்கென்று பிசைந்த மாவு போன்ற ஒரு களிமண் கட்டி இருக்கிறது. ஈரத்தில் அதைத் தடவினால் அழுக்கைக் கவ்விக்கொள்ளும்.

அடுத்து, பூச்சின் கனத்தை அளக்கும் கருவியைப் பானெட், கதவு, கூரை என்று பல இடத்தில் வைத்துப் பார்ப்பார். ஓரிடத்தில் மெலிந்திருந்தால் அங்கே கை வைக்க மாட்டார்.

ரப்பர், பிளாஸ்டிக், கூர்மையான விளிம்பு ஆகியவற்றின் மேல் டேப் ஒட்டுவார். விளிம்புகளில் பூச்சு சீக்கிரம் தேய்ந்து நிறம் வெளியே வந்துவிடும்.

பிறகு, முழுக் காரிலும் ஆரம்பிக்காமல் ஒன்றரை அடிச் சதுரம் மட்டும் போட்டுப் பார்ப்பார். மிருதுவான ஸ்பான்ஜ், மிருதுவான பாலிஷ் என்று தொடங்குவார். போதவில்லை என்றால்தான் அடுத்த வகைக்குப் போவார்.

மிஷினிலும் வித்தியாசம் உண்டு. ஒரே அச்சில் வேகமாகச் சுற்றுகிற மிஷின் ஒரு வகை. பழக்கம் இல்லாதவர் கையில் அது கிடைத்தால் பூச்சு சூடேறிக் கருகும். புதிதாக அலை அலையான கோடும் விழும். சுற்றிக்கொண்டே ஆடுகிற மிஷின் இன்னொரு வகை. அதில் ஆபத்து குறைவு.

கடைசியில் மெழுகோ, வேறு காப்புப் பூச்சோ போடுவார். இவ்வளவும் செய்ய ஒரு நாளாவது ஆகும். "அரை மணியில் புதுசாக்கித் தருகிறோம்" என்றால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எண்ணெய் வித்தை

மழையில் நனைந்த கறுப்புக் காரைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கீறலும் தெரியாது. காய்ந்ததும் எல்லாம் தெரியும். தண்ணீர் கீறலுக்குள் போய் அதை நிரப்பிவிடுவதுதான் காரணம்.

இதே வித்தையைச் சிலர் வியாபாரமாகச் செய்கிறார்கள். எண்ணெய்ப் பசையுள்ள ஒரு பாலிஷைத் தடவி விடுவார்கள். கீறல் மறைந்துவிடும். நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வருவீர்கள். நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவியதும் சிலந்தி வலை மறுபடி வந்து நிற்கும்!

வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவுவதும் இதே ரகம்தான். எண்ணெய்க்குத் தூசி ஒட்டும். ஒட்டிய தூசியைத் துடைத்தால் புதுக் கீறல். பற்பசை தேய்ப்பதும் வேண்டாம். அதிலும் அரைக்கும் பொடி உண்டு. ஓரிடத்தில் தேயும், ஓரிடத்தில் தேயாது. மங்கலாகத் திட்டு விழும்.

ஏமாறாமல் இருக்க வழி இருக்கிறது. மெழுகு போடும் முன்பு, பாலிஷ் போட்ட இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் போய்விடும். பிறகு வெயிலிலோ, ஒற்றை விளக்கின் கீழோ பாருங்கள். அப்போதும் கீறல் இல்லை என்றால் வேலை உண்மையான வேலை. நல்ல தொழிலாளி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு சோதனை. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல். பாலிஷில் போகாது. போக்கித் தருகிறேன் என்று தேய்த்தால் நிறமே வெளியே வந்துவிடும்.

வருடா வருடம் வேண்டாம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

சிலர் தீபாவளிக்குத் தீபாவளி ரப்பிங் பாலிஷ் போடுகிறார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது போல, அதையும் ஒரு சடங்காக்கிவிட்டார்கள். இது கூடவே கூடாது.

ஒவ்வொரு தடவையும் பூச்சில் சில மைக்ரான் போகிறது. லேசான பாலிஷில் கொஞ்சம். முரட்டுப் பாலிஷில் அதிகம். பத்து மைக்ரான் வரை போனாலே பூச்சின் ஆயுள் குறையும் என்று பெயிண்ட் வேலை தெரிந்தவர்கள் எச்சரிப்பார்கள். வெயிலைத் தடுக்கும் சக்தி அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அது மெலிந்தால் நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தோல் உரிவது போல உரியும். அப்புறம் பாலிஷ் போட முடியாது. புதிதாகப் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

முன்னே சொன்னோமே, தேய்கிற பூச்சுக்கு நிறம் இல்லை என்று? அதனால்தான் இந்த நஷ்டம் வரும் வரையில் தெரிவதே இல்லை.

போன பளபளப்பு திரும்ப வரும். போன பூச்சு திரும்ப வராது. ஆகவே வண்டி வைத்திருக்கும் காலத்தில் ஓரிரு தடவை நன்றாக பாலிஷ் போட்டால் போதும். மிச்சம் இருக்கிற சிறு கீறலோடு வாழப் பழக வேண்டும். நாலு கோடு இருந்தால் கார் ஓடாதா என்ன?

"செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாதாமே?" என்று கேட்பீர்கள். அது நல்ல பூச்சுதான். அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் அதுவும் மிக மெல்லிய பூச்சே. மணலைத் துணியில் வைத்துத் தேய்த்தால் அதுவும் கீறும். கவசம் போட்டிருக்கிறோம் என்று மணலோடு துடைக்கலாமா?

ஒரு வாளியை இரண்டாக்குங்கள்

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல.

தினமும் துடைக்க வேண்டாம். இதுதான் முதல் மருந்து. தினம் துடைத்தால் வருடத்துக்கு 365 தடவை தேய்க்கிறோம். வாரம் இரண்டு முறை ஒழுங்காகக் கழுவினால் 104 தடவைதான். கண்ணாடியையும் விளக்கையும் மட்டும் தினமும் துடைக்கச் சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள். மிஞ்சும் நேரம் நல்ல வேலைக்குப் போகட்டும்.

காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது. இறகுத் துடைப்பமும் வேண்டாம். தூசியோடு நிற்கிற காருக்கு உறை போடுவதும் தப்பு. காற்றில் உறை ஆடும்போது அதுவே உப்புத்தாளாகிவிடும்.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றதில் வெறும் தண்ணீர். அழுக்குத் துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு ஷாம்புத் தண்ணீரில் முக்க வேண்டும். இப்படிச் செய்தால் மணல் ஒரு வாளியில் தங்கிவிடும். அடியில் ஒரு சல்லடைத் தட்டு போட்டால் இன்னும் நல்லது. அடியில் போன மணல் மேலே வராது.

துணி மைக்ரோபைபர் துணியாக இருக்கட்டும். அதன் நைசான இழைகள் தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு காருக்கும் தனித் துணி. சக்கரத்துக்கு வேறு துணி. துணி கீழே விழுந்தால் அப்புறம் துவைக்கும் வரை அதைத் தொடக் கூடாது.

துடைக்கும் முன் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். கதவின் அடிப்பகுதியில்தான் மணல் அதிகம். அதைக் கடைசியில் தொடலாம். அழுத்தாமல் நேர்கோட்டில் துடைப்பது நல்லது.

நிழலில் கழுவுங்கள். போர்த் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் உப்புத் திட்டு விழும். கழுவியதும் பெரிய துணியை மேலே விரித்து ஒற்றி எடுங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பும் சோப்புப் பொடியும் வேண்டாம். அவை மெழுகைக் கரைத்துவிடும்.

தண்ணீர்ப் பஞ்சமா? அலசத் தேவையில்லாத ஷாம்பு வந்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு காரையே முடித்துவிடலாம். நாலைந்து துணியை அதில் நனைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புதுத் துணி என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

இந்த வாளிக்கும் துணிக்கும் என்ன செலவு? சில நூறு ரூபாய். ரப்பிங் பாலிஷுக்கோ ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். எது லாபம் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

சங்கத்துக்கு ஒரு வார்த்தை

அடுக்குமாடி வீட்டுச் சங்கத்தார் கூடிப் பேசுவதற்கு எத்தனையோ விஷயம் வைத்திருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் இதையும் சேர்க்கட்டும்.

வீட்டுக்கு வீடு கொஞ்சம் பணம் போட்டால், கார் துடைப்பவருக்கு நல்ல வாளிகளும் இரண்டு டஜன் துணிகளும் வாங்கலாம். துணி துவைக்க ஒரு குழாயும், உலர்த்த ஒரு கொடியும் கொடுக்கலாம். எந்தக் கார் எந்த நாளில் என்று முறை வைத்துக்கொடுத்தால் அவருக்கும் அவசரம் இராது. முதல் நாள் யாராவது ஒருவர் கூட நின்று செய்து காட்டினால் போதும். இருபது வருடம் கார் துடைத்த கைக்கு இதைக் கற்றுக்கொள்ள அரை மணி போதும்.

இவ்வளவும் செய்து கொடுத்த பிறகும் ஒருவர் அழுக்குத் துணியால் துடைத்தால், அப்போது கோபித்துக்கொள்ளுங்கள். அதில் நியாயம் உண்டு. ஒன்றும் கொடுக்காமல் கோபிப்பதில் என்ன நியாயம்?

தச்சருக்கு நல்ல உளி வேண்டும். தையற்காரருக்கு நல்ல ஊசி வேண்டும். கார் துடைப்பவருக்கு மட்டும் கந்தல் போதும் என்று நினைத்தோம். அந்த நினைப்பைத்தான் வெயில் நம் கார் மேல் கோடு போட்டுக் காட்டுகிறது.

நாளைக் காலை அவர் வரும்போது வாளிக்குள் எட்டிப் பாருங்கள். தண்ணீர் கலங்கி இருந்தால் அவரைத் திட்டாதீர்கள். இன்னொரு வாளி எடுத்துக் கொடுங்கள்.